சர்வே நம்பர் 412/2

நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பேரூராட்சி.
அந்தப் பக்கம் திவாலான தேயிலைக் கம்பெனி,
அதாவது வங்கி.
இது தெரியாமலே பதினோரு வருஷம்
இரண்டு பக்கமும் கோல் போட்டிருக்கிறோம்.

சர்வேயர் சங்கிலி பிடித்த அன்று
பெனால்டி கார்னர் பயிற்சி.
"கொஞ்சம் நகருங்க சார், கல் நடணும்."
நட்டார்.
அடுத்த அடியில் பந்து அந்தக் கல்லில் பட்டு
ஹாலனின் முழங்காலுக்குத் திரும்பியது.
அடமானச் சொத்தில் முதல் காயம்
என்று குறித்துக்கொண்டேன்.
நான் மேனேஜர். குறிப்பதுதான் வேலை.

காலரியின் இரும்பு காண்ட்ராக்டருடையது,
கடைசித் தவணை போகவில்லை.
விளக்குக் கம்பம் நாலும் லீக் நிர்வாகத்துடையது.
கீழ்க் கோலுக்குப் பின்னால்
வேலி தாண்டிப் போன பந்து
வனத்துறையுடையது;
எடுக்க இறங்கிய பெள்ளிக்கு
கார்டு ஒரு தாளை நீட்டினார்.
அபராதம் பந்தின் விலையைவிட அதிகம்.

மூடுபனி மட்டும் யாருடையதும் இல்லை.
ஏழே முக்காலுக்கு வந்து உட்காரும்.
போன சீசனில் தொலைக்காட்சிக்காரர்கள்
இருபது நிமிஷம் வெள்ளையை ஒளிபரப்பினார்கள்.
உள்ளே நாங்கள் ஒரு கோல் போட்டோம்,
அம்பயர் சத்தத்தை வைத்துக் கொடுத்தார்.
எதிரணி இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

முதலாளி வேலாயுதசாமி பம்ப்செட் செய்கிறவர்.
மேட்டுக்கு ஏறவைக்க என்ன செலவாகும்
என்று அறிந்தவர்.
கூட்டத்தில் கேட்டார்:
"டீமுக்கு நான் ஓனருங்க.
மண்ணுக்கு யாருன்னு சொல்லிப்போட்டீங்கன்னா
இங்கயே இருந்துக்கறேன்."

தலைவர் சொன்னார், எங்க பாதிக்கு
முப்பது வருஷக் குத்தகை தர்றோம்.
வங்கிக்காரர் ஏலத் தேதியைச் சொன்னார்.
பாதியில் ஆடினால்
தற்காத்துக்கொண்டே இருக்கலாம், ஜெயிக்க முடியாது
என்று நான் சொல்லவில்லை.
டீ ஆறியது. பிஸ்கட்டை மட்டும் எல்லோரும்
சமமாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த சீசன் கோயம்புத்தூரில்.
நீலத் தரை, ஒரே பட்டா, ஒரே பெயர்.
கோத்தகிரி காட்டெருமைகள்
இனி கோவை காட்டெருமைகள்.
முதல் எழுத்து மாறவில்லை,
சட்டையில் மிச்சத்தைப் பிரித்துத் தைத்தால் போதும்,
தையல் கூலி மிச்சம் என்றார் முதலாளி.
சிரித்தோம். அவரைத் திட்டத் தயாராக வந்தவர்கள்கூட.

சீசன் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர
மாதியின் தோட்டத்துக்குப் போனேன்.
கேரட் கழுவிக்கொண்டிருந்தாள்.
ரூபாயைப் பார்க்கவில்லை.
"சி வரிசை பதினாலு,
கோயம்புத்தூர்ல எந்தப் பக்கம் வரும்?"
தெரியாது என்றேன்.
"நம்ம மூட்டை தினமும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குது.
அங்கிருந்து பஸ்.
ஆட்டம் முடிஞ்சா
காலி லாரியில ஏறி வந்துடுவேன்."
கொஞ்சம் நிறுத்தி,
"அங்க பனி இருக்காதில்ல?
அந்தக் கோல் நெசமா உள்ள போச்சான்னு
இனியாவது பார்க்கலாம்."

நேற்று ராத்திரி சாமான் ஏற்றினோம்.
ஸ்டிக் நாற்பத்தொன்று,
கோல்கீப்பர் கவசம் இரண்டு, ஒன்றில் வார் இல்லை.
ஐஸ் பெட்டி. கொடி.
ஹாலன் கீழே வரவில்லை,
அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்கிறான்;
அவன் பெயரை அடித்துவிட்டு
அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்திட்டேன்.
மைதானம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது
என்று தெரியாமல் பேனாவை மூடினேன்.

லாரி திரும்பும்போது
முகப்பு வெளிச்சத்தில் ஒரு காட்டெருமை.
நிஜமானது.
தலை பேரூராட்சியில், வால் வங்கியில்,
நடுக்கோட்டின் மேல் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"ஹார்ன் அடிக்கட்டுமா சார்?"

வேண்டாம் என்றேன்.
ஏலத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.